அளக்காமல் உயர்த்தாதீர்கள்

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஜீப், தார், ஜிம்னி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டு வாசலிலேயே சஸ்பென்ஷனைக் கழற்றிப் பூட்டும் தம்பி தங்கைகளுக்கு,



உங்கள் கையில் கிரீஸ் அப்பியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பணத்தைக் கட்டிச் சாவியை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற கூட்டத்தில் நீங்கள் இல்லை. துருப்பிடித்த யூ போல்டில் முந்தின நாள் ராத்திரியே டீசல் ஊற்றி ஊறவைக்க உங்களுக்குத் தெரியும். ஷேக்கிள் புஷ் தேய்ந்தால் எந்தச் சத்தம் வரும் என்று தெரியும். இப்படிப்பட்டவர்களிடம்தான் ஒரு குறையை நேருக்கு நேர் சொல்ல முடியும். சொல்லிவிடுகிறேன். நீங்கள் கழற்றுகிறீர்கள், மாற்றுகிறீர்கள், பூட்டுகிறீர்கள். அளப்பதே இல்லை.

எதற்காக வண்டியை உயர்த்தினீர்கள் என்று கேட்டால், “கொல்லிமலைப் பக்கம் போனா அடி தட்டுதுண்ணா” என்கிறீர்கள். அடியில் எந்த இடம் தட்டியது, அப்போது வண்டியில் எத்தனை பேர், டயரில் காற்று எவ்வளவு, உயர்த்திய பிறகு அதே இடத்தில் மறுபடி ஏற்றிப் பார்த்தீர்களா என்று அடுத்தடுத்துக் கேட்டால் பதில் வருவதில்லை. “இப்ப சூப்பரா இருக்குண்ணா” என்பதோடு பேச்சு முடிந்துபோகிறது. செலவு செய்த கை எப்போதும் அப்படித்தான் சொல்லும். அளவுநாடாவுக்கு அந்தப் பாசம் கிடையாது. அதனால்தான் அதைக் கேட்கச் சொல்கிறேன்.

நீங்கள் பிறந்து வளர்ந்த ஊரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் நாடு முழுக்கப் போய்த் துளை போடுகின்றன. சங்ககிரியில் லாரிப் பேச்சு இல்லாத டீக்கடை கிடையாது. ஸ்பிரிங் பட்டையைச் சூடேற்றி வளைக்கும் உலை, ஹவுசிங்கை நிமிர்த்தும் ஆள், லேத், வெல்டிங் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. வேறு ஊர்ப் பையன்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் இந்தக் கொடுப்பினைக்குள்ளேயே ஒரு கோளாறும் இருக்கிறது. நம் ஊரின் ஸ்பிரிங் ஞானம் முழுவதும் பாரம் சுமக்கும் ஞானம். லாரிக்காரர் பட்டை சேர்ப்பது பல டன் சரக்கை ஏற்றுவதற்கு. உங்கள் ஜீப்பில் ஏறப்போவது நாலு பேரும் ஒரு பிரியாணிச் சட்டியும். லாரிக்குச் சரியான வைத்தியத்தை ஜீப்புக்குச் செய்தால் ஜீப் கட்டைவண்டியாகிவிடும்.

ஏன் என்று கணக்காகவே பார்ப்போம். ஒரு பட்டையின் விறைப்பு அதன் கனத்தைப் பொறுத்து நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. கனத்தை அதே கனத்தால் இரண்டு தடவை பெருக்கினால் என்ன வருமோ அந்த விகிதத்தில் ஏறும். நீளமும் அகலமும் மாறாமல் 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலாக 8 மில்லிமீட்டர் பட்டை போட்டால் விறைப்பு 2.37 மடங்காகிறது. கண்ணுக்கு இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். முதுகெலும்புக்கு இரண்டு மடங்குக்கு மேல். இன்னொரு கணக்கு. வண்டியின் எடையில் ஸ்பிரிங் 100 மில்லிமீட்டர் அமுங்கி நின்றால் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 1.6 தடவை ஆடும். விறைப்பைக் கூட்டி, 40 மில்லிமீட்டர் மட்டும் அமுங்கும்படி செய்துவிட்டால் 2.5 தடவை ஆடும். பயணிகள் காரை வடிவமைக்கிறவர்கள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் வைக்கத்தான் பாடுபடுவார்கள். உங்கள் அம்மா பின்சீட்டில் உட்கார மறுப்பதன் காரணம் இதற்குள் இருக்கிறது.

உடம்பு வலியோடு போனால்கூடப் பரவாயில்லை. விறைத்த ஸ்பிரிங் காட்டுப் பாதையிலும் கைகொடுக்காது. ஓடைக்குள் இறங்கும்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் தாழ வேண்டும், எதிர்ப்பக்கச் சக்கரம் கல்லின் மேல் மடிய வேண்டும். ஸ்பிரிங் மடிய மறுத்தால் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். லாக்கர் இல்லாத வண்டியில் டிஃபரன்ஷியல் தன் சுழற்சியை எல்லாம் தொங்கும் சக்கரத்துக்கே கொடுக்கும். மண்ணைப் பிடித்திருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். கரடுமுரடான பாதைக்கென்று நீங்கள் செய்த வேலை அந்தப் பாதையிலேயே உங்களை நிறுத்திவிடுகிறது.

அடுத்தது உயரம். “ரெண்டு இஞ்சு தூக்கிட்டா எதுவும் தட்டாதுண்ணா” என்று உங்களில் பலர் நம்புகிறீர்கள். ஒரே ஆக்சில் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை போகும் வண்டியில், ஸ்பிரிங்கை உயர்த்தினால் உயர்வது சேஸிஸ் மட்டும். நடுவில் குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் முதலில் இடிப்பது அதுதான். அதை உயர்த்த வேண்டுமானால் பெரிய டயர் போட வேண்டும். பெரிய டயர் போட்டால் கியர் விகிதம் மாறும், பிரேக்குக்கு வேலை கூடும், மீட்டர் பொய் சொல்லும். 29 அங்குல டயர் இருந்த இடத்தில் 32 அங்குலம் போட்டால், மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 66இல் போய்க்கொண்டிருப்பீர்கள். சேஸிஸ் உயர்வதில் பயனே இல்லை என்று சொல்லவில்லை. மேட்டின் முகட்டில் வயிறு தட்டுகிற வண்டிக்கு அது உதவும். உங்கள் வண்டியில் தட்டுவது வயிறா, டிஃபரன்ஷியலா, பின்பம்பரா என்று பார்க்காமலேயே எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து போடுகிறீர்களே, அதுதான் என் ஆதங்கம்.

1941இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வில்லிஸ் நிறுவனத்தின் ஜீப்புகளைத்தான் மஹிந்திரா 1940களின் பிற்பகுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த புதிய தாரின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர். இரண்டு வண்டிகளுமே ஒன்பது அங்குலத்தைத் தொடவில்லை. பாலைவனத்திலும் சேற்றிலும் காட்டிலும் ஓடி ஒரு போரையே பார்த்த ஜீப்புக்கு அது போதுமானதாக இருந்தது. லேசான உடம்பு, குறுகிய வீல்பேஸ், முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்காத வடிவம் ஆகியவை அதன் பலம். நாம் என்ன செய்கிறோம்? முன்னால் கனமான இரும்பு பம்பரைக் கட்டி எடையைக் கூட்டிவிட்டு, அது முன்பக்கத்தை அமுக்குகிறதே என்று ஸ்பேசர் போட்டு உயர்த்துகிறோம். முதல் தப்பைச் சரிக்கட்ட இரண்டாவது செலவு. இப்படி முன்னால் கட்டும் புல் பார்களைக் கழற்ற வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. முதல் தப்பைச் சரிக்கட்ட இரண்டாவது செலவு.

உயர்த்தினால் என்னென்ன இடம் மாறுகிறது என்று வரிசையாகப் பாருங்கள். முதலில் எடையின் மையம். கணக்குக்காக, இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு இடையே 1,500 மில்லிமீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சக்கர இடைவெளியில் பாதியை உயரத்தால் வகுத்தால் 1.07 வரும். ஸ்பிரிங்கும் டயரும் சேர்ந்து மையத்தை 770க்குக் கொண்டுபோனால் அது 0.97 ஆகிறது. இந்த எண் ஒன்றுக்குக் கீழே இறங்க இறங்க, நல்ல தார்ச்சாலையில் வண்டி வழுக்குவதற்கு முன்பே புரண்டுவிடும் நிலைக்கு நெருங்குகிறது என்று பொருள். அமெரிக்காவில் கார்கள் கவிழும் வாய்ப்பை மதிப்பிட அரசாங்க அமைப்பே இந்த வகுத்தலைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது தெரியாது. இறங்கும்போது, வளைவுக்குள் பஸ் ஒன்று எதிரே வந்து நீங்கள் ஸ்டியரிங்கை வெட்டும் அந்த ஒரு நொடியில் இந்த 0.97 தன் வேலையைக் காட்டும்.

இரண்டாவது, பான்ஹார்டு ராடு. புதிய தாரின் பின்னாலும், ஜிம்னியின் முன்னாலும் பின்னாலும், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்துவைப்பது இந்த ஒற்றைக் கம்பிதான். அதன் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்சிலில். 900 மில்லிமீட்டர் நீளமுள்ள ராடின் ஒரு முனை மறுமுனையைவிட 100 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் வண்டியை 50 மில்லிமீட்டர் தூக்கினால் ஆக்சில் ஒரு பக்கமாக 7 மில்லிமீட்டர் நகரும். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு வண்டி ஒருச்சாய்த்து ஓடுவது தெரியும், உங்களுக்குத் தெரியாது. மூன்றாவது, முன் ஆக்சிலின் சாய்வு. அது மாறினால் வளைவு முடிந்ததும் தானாகத் திரும்பி வரும் ஸ்டியரிங் சோம்பிப் போகும். நாலு வழிச்சாலையில் எண்பதில் போகும்போது வண்டி அலையும். நான்காவது, முன்னால் தனித்தனிச் சஸ்பென்ஷன் உள்ள தாரில் சி.வி. ஜாயின்ட் எப்போதும் மடங்கிய நிலையிலேயே சுற்றும். அதன் ரப்பர் பூட் கிழிந்து மண் உள்ளே போகும். ஐந்தாவதாக பிரேக் ஹோஸ். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்ல வேண்டும்.

பழைய தார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2010இல் வந்த அந்த வண்டியின் சில வகைகளில் முன்பக்கம் டார்ஷன் பார். அதன் போல்டைத் திருகினால் முன்பக்கம் உயரும் என்று யாரோ ஒருவர் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். உயரும், உண்மைதான். ஆனால் சக்கரம் கீழே தாழ்வதற்கு வைத்திருந்த இடத்தைத்தான் அந்தத் திருகு தின்கிறது. பள்ளம் வரும்போது சக்கரம் இறங்காமல் டங்கென்று நிற்கும். காயில் ஸ்பிரிங்குக்கு மட்டும் ஸ்பேசர் வைப்பதும் இதே கதைதான். ஷாக்கின் நீளம் மாறாதவரை, மேலே கிடைத்த இடத்தைக் கீழே பறிகொடுக்கிறீர்கள்.

இதையெல்லாம் ஸ்பேசர் விற்கிறவர் உங்களிடம் சொல்வதில்லை. பெட்டியைப் பிரித்து, பூட்டி, முன்னும் பின்னும் படம் பிடித்துக் காட்டுகிற வீடியோவும் சொல்வதில்லை. நாலு மாதம் கழித்து ஜாயின்ட் ராடின் கிராஸ் போய், வண்டி உதறும்போது நீங்கள் போய் நிற்பது நம் ஊர் மெக்கானிக்கிடம். “என்னத்தப் பண்ணி வெச்சீங்க?” என்று அவரையே கேட்கிறீர்கள். விற்றவருக்கு லாபம், வீடியோ எடுத்தவருக்குப் பெயர், பழி மட்டும் பட்டறைக்காரருக்கு. இந்த அநியாயத்தை நீங்கள் நிறுத்த வேண்டும்.

சரி, என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். வீட்டிலேயே செய்யுங்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அளவுநாடா, சாக்பீஸ், கைப்பேசி, நாலு மூட்டை சிமெண்ட், ஒரு நோட்டுப் புத்தகம். உயர்த்துவதற்கு முன்பு ஒரு முறை, மாற்றிய பிறகு ஒரு முறை, அதே காற்று, அதே அளவு எரிபொருள், அதே ஆட்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உயிர். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்; தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுத்து அடியில் படுக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தக் கல் விரிசல் காட்டி எச்சரிக்காது. நொறுங்கிய பிறகுதான் தெரியும். மண் தரையில் ஜாக்கி போட்டால் அடியில் கனமான பலகை வையுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். காயில் ஸ்பிரிங்கைக் கயிறு கட்டிக் கழற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம். அதற்கென்று இருக்கும் கம்ப்ரஸர் இல்லையென்றால் பட்டறைக்குப் போங்கள்.

முதல் சோதனை நிற்கும் உயரம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நாலு மூலையிலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் குழப்பும். பழைய பட்டை ஜீப்புகளில் வலதும் இடதும் ஒன்றாக இல்லை என்று தெரிந்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும். பலருக்கு வண்டியை உயர்த்த வேண்டிய தேவையே இல்லை. தளர்ந்துபோன பட்டையைப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்தாலே போதும்.

இரண்டாவது எடை. எடைமேடை இல்லாத சாலை நம் வட்டாரத்தில் உண்டா? முதலில் முழு வண்டி, பிறகு முன் ஆக்சில் மட்டும், பிறகு பின் ஆக்சில் மட்டும். மூன்று ரசீதையும் நோட்டில் ஒட்டிவையுங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு எடை என்று தெரியாமல் ஸ்பிரிங் வாங்குகிறவர், கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிறவர்தான்.

மூன்றாவது விறைப்பு. சிமெண்ட் மூட்டை ஒன்று 50 கிலோ. பின் ஆக்சிலுக்கு நேர்மேலே ஒவ்வொன்றாக நாலு மூட்டை அடுக்கி, ஒவ்வொரு மூட்டைக்கும் வண்டியை ஒரு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு உயரத்தை அளவெடுங்கள். இறக்கும்போதும் அதேபோல எழுதுங்கள். பட்டைகளுக்கு இடையே உரசல் உண்டு. அதனால் ஏற்றும்போது வரும் எண்ணும் இறக்கும்போது வரும் எண்ணும் கொஞ்சம் விலகும். இரண்டுக்கும் சராசரி எடுங்கள். 200 கிலோவுக்கு இரண்டு பக்கமும் 40 மில்லிமீட்டர் இறங்கினால், ஒரு சக்கரத்துக்கு மில்லிமீட்டருக்கு இரண்டரைக் கிலோ. இந்த ஒரே எண்ணைக் கொண்டுபோய்ப் பட்டறையில் சொல்லுங்கள். “கொஞ்சம் டைட்டா வையுங்கண்ணா” என்பதைவிட அவருக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

நான்காவது, முழு அமுக்கம். பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேல் ஈரக் களிமண்ணை ஓர் உருண்டையாக ஒட்டிவிட்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் மண் பாதையில் வழக்கமான வேகத்தில் போய் வாருங்கள். களிமண் முழுசாக இருந்தால் உங்கள் ஸ்பிரிங் தன் இடத்தையே இன்னும் முழுக்கப் பயன்படுத்தவில்லை. விறைப்பைக் கூட்டுவது வீண். தகடாக நசுங்கியிருந்தால் சக்கரம் கடைசி வரை மடிந்து இடித்திருக்கிறது. அப்போதும் உடனே பட்டை சேர்க்கப் போகாதீர்கள். ஷாக் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதற்கு ஐந்தாவது சோதனை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரத்தில் மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நம் ஊர் வேகத்தடைகள் விதியைப் படித்தவை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். சோதனைக்கு அது வசதிதான். மட்கார்டில் வெள்ளை டேப் ஒட்டி, நண்பரை ஓரமாக நிறுத்தி, வண்டி நடமாட்டம் இல்லாத தெருவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து, கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். தடையைத் தாண்டியதும் ஒரு முறை எழுந்து, ஒரு முறை தாழ்ந்து அடங்கினால் ஷாக் நலம். மூன்று நாலு தடவை ஆடினால் ஷாக் போய்விட்டது. செத்த ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மாற்றினால் ஆட்டம் இன்னும் மோசமாகும்.

அளவு என்றால் என்ன என்று தெரிய, நாமக்கல் முட்டை வண்டி ஓட்டுகிற ஒருவரிடம் ஒரு நாள் பேசிப் பாருங்கள். தட்டுக்கு 30 முட்டை, தட்டின் மேல் தட்டு. எந்தக் குழியில் எந்த வேகம், டயரில் எவ்வளவு காற்று, எந்தப் பக்கம் பட்டை தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு உடையும் முட்டைக் கணக்கில் தெரிந்துவிடும். வண்டியைப் பார்த்து யாராவது வாய் பிளப்பார்களா என்று அவர் யோசிப்பதில்லை.

ஆறாவது, சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலை. சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி நாலு சக்கரமும் தொங்கட்டும். இப்போது பிரேக் ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். தளர்வு இருக்க வேண்டும். முன்சக்கரத்தை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பி மறுபடி தொடுங்கள். விறைத்து நின்றால் வண்டி சாலையில் இறங்கவே கூடாது. ஏ.பி.எஸ். சென்சர் ஒயரையும் இப்படியே பாருங்கள். ஏற்காட்டிலிருந்து 20 வளைவு இறங்கும்போது ஒரு சக்கரம் குழியில் தொங்கி, அந்த நேரம் பார்த்து ஹோஸ் பிய்ந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஏழாவது, சாய்மேடை. 20 டிகிரி சாய்வில், அதாவது சாய்வில் ஒரு மீட்டர் ஏறினால் 34 சென்டிமீட்டர் உயரும்படி, இறுகிய மேடை ஒன்று வேண்டும். ஒரு முன்சக்கரத்தை மட்டும் அதில் மெல்ல ஏற்றுங்கள். பின்சக்கரத்துக்கு அடியில் வைத்த காகிதம் இழுத்தால் கையோடு வந்துவிடுகிற இடத்தில் நிறுத்தி, சாய்வில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். அதை வீல்பேஸால் வகுத்து 1,000ஆல் பெருக்குங்கள். புதிய தாரின் வீல்பேஸ் 2,450 மில்லிமீட்டர். 1,225 வரை ஏறினால் மதிப்பெண் 500. சரிவின் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. உயர்த்திய பிறகு இந்த மதிப்பெண் குறைந்திருந்தால், உங்கள் வண்டி பார்க்க உயர்ந்து, காட்டில் தாழ்ந்துவிட்டது. அப்போது பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டுகிற மனசு உங்களுக்கு வேண்டும்.

இந்த ஏழு சோதனையையும் செய்து முடித்தவர்களுக்கு மாற்றங்களின் வரிசை தானாகப் புலப்படும். முதலில் காற்று. மண்ணிலும் கல்லிலும் மெதுவாகப் போகும்போது 32 பி.எஸ்.ஐ. காற்றை 18, 20க்கு இறக்கிப் பாருங்கள். காசில்லாமல் கிடைக்கிற சஸ்பென்ஷன் அதுதான். திரும்ப அடிக்காமல் மட்டும் நாலு வழிச்சாலையில் ஏறிவிடாதீர்கள். டயர் சூடேறி வெடிக்கும். பிறகு புஷ். பிறகு ஷாக். பிறகு தேவையில்லாத இரும்பைக் கழற்றி எடையைக் குறைப்பது. கடைசியாக, எண்கள் கேட்டால் மட்டும், ஸ்பிரிங். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். யூ போல்டை முறுக்கியதும் நட்டிலிருந்து பிளேட் வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், கசந்தாலும் கேளுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதே ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்த 52ஆம் பிரிவைக் கறாராகவே படித்தது. தேய்ந்ததை அதே அளவில் மாற்றுவது வேறு. வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சந்தேகம் வந்தால் செலவு செய்வதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் கேட்கும் நேரத்தில் பதில் தேடினால் கிடைக்காது.

சோதனைக்குப் போகும் இடமும் முக்கியம். காப்புக்காடு உங்கள் சோதனைக் களம் கிடையாது. ஏரிக்கரையும் கிடையாது, டயர் பதிந்து அறுத்த இடத்தில்தான் அடுத்த மழைக்குக் கரை உடையும். கடலைக் காட்டில் அறுவடைக்குப் பிறகு, நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். உழவு சால், வரப்பு, ஓடைக்கல் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. மலைக்கிராமத்தில் ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவர்களையும் அப்படியே கவனியுங்கள். நான் பார்த்த அளவில் அவர்கள் வண்டி உயரமாக இருப்பதில்லை. புஷ்ஷும் பட்டையும் பிரேக்கும் சரியாக இருக்கின்றன. ஆளும் மூட்டையுமாகத் தினமும் இறங்க வேண்டியவருக்கு வேறு வழியில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த நட்டையும் கழற்றாதீர்கள். அந்த ஒரு நாளை அளப்பதற்குக் கொடுங்கள். ஏழு சோதனையின் எண்களையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு பட்டறைக்குப் போய், மெக்கானிக் அண்ணன் எதிரில் உட்கார்ந்து, “இந்த எண்ணுக்கு என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். லாரிப் பட்டையில் ஊறிய அவர் கையும் உங்கள் கணக்கும் சேர்ந்தால், வெளியூரிலிருந்து பெட்டியில் வருகிற எந்தக் கிட்டையும்விட நல்ல சஸ்பென்ஷன் நம் ஊரிலேயே கிடைக்கும். உங்கள் எண்களை மற்ற ஜீப்காரர்களுக்கும் காட்டுங்கள். தோற்ற மாற்றங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாற்றியது பயன் தரவில்லை என்று எண் சொன்னால், செலவைப் பார்க்காமல் பழையபடி பூட்டிவிடுங்கள்.

என்றைக்காவது அந்த வண்டியை விற்கும்போது அந்த நோட்டையும் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள். வாங்குகிறவர் நீங்கள் முறுக்கிய நட்டை நம்பித்தான் தன் குடும்பத்தோடு மலையிறங்கப் போகிறார்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்